தோட்டத்துக்குக் கதை கேட்கப் போகும் முதுகலை மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டுக்கு ஆய்வுக்காக முதன்முதலில் போனபோது என்ன கதை கிடைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் போனேன். வரலாறு, இலக்கியம் படிக்கிற நம்மில் நிறையப் பேர் செய்வது இதுதான். ஜப்பானியர் காலத்தில் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோய்ப் பாதை போட வைத்த சயாம் மரண ரயில், அப்புறம் 1948 ஜூன் 16-ல் அங்கே தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டு பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் வந்தது, இந்த இரண்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருப்போம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்று எண்பது வயதாகும் பாட்டிக்கு 1948-ல் இரண்டு மூன்று வயதுதான் இருக்கும், ரயில் பாதை போட்டு முடித்த 1943-ல் அவர் பிறக்கவே இல்லை. அவரிடம் இருப்பது அவருடைய அம்மா சொன்னது. அவரே வாழ்ந்து பார்த்தது வேறு: தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றது, அதைத் தடுக்க அதே ஊர்க்காரரான துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு வீட்டில் மாதாமாதம் காசு எடுத்து வைத்தது, குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டையோடு வேலைக்கு அலைந்தது, திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டது. அதை யாரும் கேட்பதில்லை. துயரத்தை மட்டுமே தோண்டினால் மனுஷி சிரித்த நாட்கள் எல்லாம் ஆய்விலிருந்து விழுந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தை முதல் நாளே நீட்டாதீர்கள். நமக்கு அது பல்கலைக்கழகம் கேட்கிற தாள். ஆனால் தோட்டம் கைமாறியபோது, லயத்து வீட்டை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) காலி செய்யச் சொன்னபோது, புரியாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். பேனாவைப் பார்த்ததும் "மகன் வரட்டும்மா" என்று ஒரு பாட்டி உள்ளே போனார், அன்றைக்கு அவ்வளவுதான். வாய்மொழியாகக் கேட்டு, சம்மதம் சொல்வதை ஒலிப்பதிவு செய்வதைப் பல ஆய்வு நெறிக்குழுக்கள் ஏற்கின்றன, மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நேரமும் பார்க்க வேண்டும். பால் மரம் வெட்டுகிறவர்கள் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர்கள்) விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள், பிள்ளைகளோ தொழிற்சாலை ஷிப்டில் இருப்பார்கள். காலை பத்து மணிக்குப் போனால் யார் இருப்பார்கள்? கோயில் தலைவரை மட்டும் பார்த்துவிட்டு ஊரையே பார்த்ததாக நினைப்பதும் தவறுதான், பெண்கள் பேச்சு பின்வாசலில் நடக்கிறது.

எழுத்தாக்கும்போது அவர்கள் சொல்லைத் திருத்தாதீர்கள். பெரட்டு, கிராணி (தோட்டத்துக் கணக்கர்), ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டிக் காய்ந்த பால்), ஆயாக் கொட்டகை (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்). "பெரட்டு" என்றதை ஒரு மாணவி "காலை வருகைப் பதிவு" என்று மாற்றியிருந்தார். இருட்டில் வரிசையாக நின்று, பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்து, எந்த நிரையில் வேலை என்று கேட்டுக்கொண்ட அந்த நேரம் முழுக்க அதோடு போய்விட்டது.

எனக்கு இன்றைக்கும் உறுத்துவது படங்கள்தான். ஸ்கேன் செய்து தருகிறேன் என்று ஒரு கல்யாணப் படத்தை வாங்கி வந்து, ஆய்வேட்டுக் கெடு நெருக்கியதில் ஏழு மாதம் திருப்பித் தரவில்லை. அந்தப் பாட்டியிடம் கணவரின் படம் அது ஒன்றுதான். ஒவ்வொரு தடவையும் போனில் "படம் பத்திரமா இருக்காம்மா?" என்று மட்டும் கேட்பார், கோபப்பட்டதே இல்லை. எதையும் வீட்டை விட்டு எடுத்துப் போகாதீர்கள், வீட்டு முன்புறத்து அஞ்சடியிலேயே வெளிச்சத்தில் வைத்துக் கைப்பேசியில் எடுங்கள், போதும். கண்காட்சியைக் கோலாலம்பூரில் வைத்தால் முட்டி வலிக்காரர்கள் எப்படி வருவார்கள்? முதலில் கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ வையுங்கள், பதிவின் பிரதியைக் குடும்பத்துக்குக் கொடுங்கள்.

பெயர் விஷயம் ஒன்று மீதி இருக்கிறது. பாதுகாப்பு என்று எல்லாருக்கும் புனைபெயர் போட்டிருந்தேன். அச்சடித்த பக்கத்தைப் படித்துக் காட்டியபோது அந்தக் கல்யாணப் படத்துப் பாட்டி இடையில் நிறுத்தி, "இது நான் சொன்னதுதானே, வேற யாரு பேரு போட்டிருக்கே?" என்று கேட்டார். திரும்பிப் போய், சொந்தப் பெயரையே போடலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.