ஜீன் மேல பழிய போட்டு ஜிம்ம விடுறதுக்கு முன்னாடி

மூணு மாசம் ஜிம் போயும் வெயிட் இறங்கலன்னா "எங்க குடும்பத்துலயே எல்லாருக்கும் இந்த உடம்புதான், ஜீன் அப்படி"ன்னு சொல்லிட்டு நிறைய பேர் விட்டுடுறாங்க. இதுல பாதி உண்மை இருக்கு, அதனாலதான் மீதி பாதி தப்பு கண்ணுக்கே தெரியாம போயிடுது.

உண்மை என்னன்னா, 1994ல கனடால கிளாட் பூஷார்ட்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரே ஜீனோட அச்சுல வார்த்த மாதிரி இருக்குற 7 ஜோடி இரட்டையர்கள், எல்லாரும் ஆண்கள், சாப்பாட்டை ஒரே அளவுல நிறுத்தி வச்சு 93 நாள் சைக்கிள் மிதிக்க விட்டாங்க, எல்லாருக்கும் எரிஞ்ச கலோரி கிட்டத்தட்ட ஒண்ணுதான். சராசரியா 5 கிலோ குறைஞ்சுது, ஆனா ஒருத்தருக்கு 1 கிலோ, இன்னொருத்தருக்கு 8. கூடப் பிறந்த இரட்டையர் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறையுது, வித்தியாசம் ஜோடிக்கு ஜோடிதான். அதனால ஃப்ரெண்டு பண்ற அதே வொர்க்அவுட்ட பண்ணிட்டு அவன் ரிசல்ட்ட எதிர்பார்க்குறது முதல் தப்பு.

அடுத்தது சதவீதத்த தப்பா படிக்கிறது. ஹெரிடேஜ்னு ஒரு பெரிய குடும்ப ஆய்வுல 20 வாரம் பயிற்சி குடுத்தப்போ, உடம்பு ஆக்சிஜன் எடுத்துக்குற திறன் கூடுற விதத்துல பரம்பரையோட பங்கு அதிகபட்சம் 47%னு வந்துச்சு. உடனே "என் ரிசல்ட்ல பாதி பிறக்கும்போதே முடிவாயிடுச்சு"ன்னு எடுத்துக்கக் கூடாது, அந்த நம்பர் ஆளுக்கு ஆள் இருக்குற வித்தியாசத்த பத்தினது, உங்க ஒருத்தர பத்தினது இல்ல. அதுவும் குடும்பத்தோட பொதுவான பழக்கவழக்கமும் அதுக்குள்ளயே கலந்திருக்கு!

ஜீன் டெஸ்ட் கிட் வாங்கி அதுல வர்ற ரிப்போர்ட்படி ஒர்க்அவுட் பிளான் போடுறது என்ன பொறுத்தவரைக்கும் காசுக்கு கேடு. உடல் பருமனோட தொடர்புள்ள எஃப்டிஓ (FTO)ங்கிற ஜீன்ல, வெயிட்ட கூட்டுற வகை ரெண்டு பிரதி (அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும்) இருக்குறவங்க, அது இல்லாதவங்கள விட சராசரியா ஒரு 3 கிலோ கூட இருப்பாங்க, அவ்ளோதான், அதுலயும் உடற்பயிற்சி பண்றவங்களுக்கு அதோட தாக்கம் கால்வாசிக்கு மேல குறையுதுன்னு 2011ல ரெண்டு லட்சத்துக்கு மேல ஆட்கள வச்சு காட்டிட்டாங்க. கொழுப்புக்கும் தசைக்கும் பின்னாடி நூத்துக்கணக்குல ஜீன் வேலை செய்யுது, ஒண்ண பாத்து ஜாதகம் எழுத முடியாது.

வெயிட் மெஷின மட்டும் நம்புறது இன்னொண்ணு. கொழுப்பு குறைஞ்சு தசை ஏறினா முள்ளு நகராது, அதனால இடுப்பளவையும் பாருங்க. கொழுப்பு சதவீதம் காட்டுற மெஷினும் உடம்புல இருக்குற தண்ணிக்கு ஏத்த மாதிரி ஆடும், எப்பவும் காலைல வெறும் வயித்துல ஒரே நேரத்துல ஏறி பாத்தாதான் ஒப்பிட முடியும்.

"எனக்கு எக்சர்சைஸ் ஒத்துவராது"ன்னு சீக்கிரமா முத்திரை குத்திக்கிறாங்க பாருங்க, அதுக்கு 2017ல வந்த ஒரு ஆய்வு நல்ல பதில். 6 வாரம் பண்ணியும் ஃபிட்னஸ் ஏறாதவங்களுக்கு வாரத்துக்கு 2 செஷன் கூட்டி இன்னொரு 6 வாரம் பண்ண வச்சாங்க, அத்தனை பேருக்கும் ஏறிடுச்சு. அது ஃபிட்னஸ் கணக்கு, கொழுப்பும் அப்படியே குறையும்னு அர்த்தம் இல்ல. கொழுப்புக்கு பயிற்சி அளவோட சேத்து சாப்பாட்டையும் ரெண்டு வாரம் எழுதி வச்சு பாருங்க, ஒர்க்அவுட் பண்ற நாள்ல பசியில கூடுதலா உள்ள போறத நாம கவனிக்கிறதே இல்ல.