சீர்காழியாருக்கு நாமே ஒரு பாட்டு வீடியோ செய்வோம்

மார்ச் 24 வந்தால் எங்கள் வீட்டில் விடியும்போதே சீர்காழி கோவிந்தராஜன் பாட ஆரம்பித்துவிடுவார். 1988-ல் அவர் மறைந்த நாள் அது. வயது 55தான். அவர் நினைவாக நீங்களும் ஒரு வீடியோ செய்யலாம். ஒரு போன், ஒரு இயர்போன், பாட ஒருவர் போதும்.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுங்கள். அவர் பாடிய சினிமாப் பதிவை அப்படியே போடாதீர்கள். அதன் உரிமை வேறொருவரிடம் இருக்கும். நான் செய்த முதல் வீடியோ அப்படித்தான் ஒரே நாளில் சத்தமில்லாமல் ஆனது. சீர்காழியில் தேவாரம் பாடிய சம்பந்தரின் முதல் பதிகத்தை (பாடல் தொகுப்பை) எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் நூற்றாண்டுப் பாட்டு, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். பாட்டும் பாடகரும் ஒரே ஊர். பண், அதாவது பழந்தமிழ் ராகம், நட்டபாடை. இன்று கம்பீர நாட்டை ராகத்தில் பாடுவார்கள். பக்கத்துக் கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டுப் பழகுங்கள். சீர்காழியாரைப் போலவே முழங்கப் பார்க்காதீர்கள். அந்தக் கணீர்க் குரல் அவருக்கு வாய்த்தது. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது உச்சரிப்பு. ழகரமும் றகரமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சொல் சிதைந்தால் தயங்காமல் மறுபடி பாடுங்கள்.

அடுத்தது ஒலிப்பதிவு. ஊர் அடங்கிய பிறகு, மெத்தையும் துணிமணியும் உள்ள அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போட்டு, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில், ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுருதி இன்னொரு போனிலிருந்து இயர்போன் வழியாக ஒரு காதில் கேட்கட்டும். வீடியோவில் அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மூன்று முறை பதிந்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் படப்பிடிப்பு. பதிவை ஓடவிட்டு, கூடவே வாய்விட்டுப் பாடுங்கள். ஆரம்பத்தில் ஒரு கைதட்டல் இருந்தால் ஒலியைப் பொருத்துவது எளிது. காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் சூரியன் எழும் நேரம் அழகு. பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் கடற்காற்று கெடுக்காது. போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். ஒரு காட்சி பத்து விநாடி அசையாமல் இருக்கட்டும். கோயிலுக்குள் எடுப்பதென்றால் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம்: மார்ச்சில் காவிரியின் கடைமடை (பாசனத்தின் கடைசிப் பகுதி) வாய்க்கால்களில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. மேட்டூர் அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12-ல். அதனால் ஓடும் தண்ணீரையும் சம்பா வயலையும் மார்கழியிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

எடிட்டிங் சுலபம். இன்ஷாட் போன்ற ஆப்பில் முதலில் பாட்டை வைத்து, காட்சிகளின் சொந்தச் சத்தத்தை நீக்கிவிடுங்கள். பாட்டின் ஒரு அடி முடியும் இடத்தில் காட்சியை மாற்றுங்கள், சொல்லின் நடுவில் வேண்டாம்.

கடைசித் திரையில் சீர்காழியார் பெயர், 19.1.1933 – 24.3.1988. அதன் கீழே அவருடைய குரு திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை பெயர். பிறகு, பாட்டைச் சொல்லிக்கொடுத்த ஓதுவார் பெயர்.