வெள்ளை ஈஸ்ட்: பிரியானா, மரபணு மாற்றமா என்று பார்ப்பது எப்படி?

ஏடிஇ1-14 பிறழ்வுள்ள ஈஸ்ட் வேண்டும், அதாவது ஏடிஇ1 மரபணுவின் நடுவே தவறான நிறுத்தக் குறி உள்ளது. புரத உற்பத்தியை நிறுத்தக் குறியில் முடித்துவைக்கும் சப்35 புரதம் ஒழுங்காக வேலை செய்தால் காலனி சிவப்பு. அது பிரியானாகி (உருமாறி, மற்ற சப்35-ஐயும் தன்னைப் போல மாற்றும் புரதம்) திரண்டுவிட்டால், புரதம் கட்டும் ரைபோசோம் நிறுத்தக் குறியை அவ்வப்போது தாண்டிவிடும், காலனி வெள்ளையாகும்.

சரி, அந்த வெள்ளைக் காலனியை 3 முதல் 5 மில்லிமோலார் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு கலந்த ஒய்பிடி (ஈஸ்ட்டுக்கான வழக்கமான ஊட்டக்கலவை) தட்டில் வளர்த்து, அப்புறம் சாதாரணத் தட்டில் தனித்தனிக் காலனிகளாகப் பிரித்தெடுங்கள். சிவப்பாகிவிட்டால் அது பிரியானாக இருக்கலாம்: குவானிடின், திரள்களை உடைக்கும் ஹெச்எஸ்பி104 புரதத்தை முடக்குவதால் திரள்கள் உடைந்து மகள் செல்களுக்குப் போவது நின்றுவிடும், ஆனால் செல்கள் பல தலைமுறை பிரிந்தால்தான் சிவப்பு தெரியும், அவசரப்படாதீர்கள். மைட்டோகாண்ட்ரியா கெட்ட செல்லும் வெள்ளையாகத்தான் இருக்கும் (குவானிடினே அதைச் செய்யும்!), கிளிசரால் தட்டில் வளர்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து, அதே பிறழ்வுள்ள சிவப்பு ஈஸ்ட்டோடு இணைசேர்த்து, அதில் உருவாகும் நான்கு வித்துகளைப் பிரித்தெடுங்கள். பொதுவாக நான்குமே வெள்ளையென்றால் பிரியான். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு (2:2) என்றால் மரபணு மாற்றம்.