குருசடைத் தீவுக்கு நண்பர்களோடு ஒரு நாள்: முதல் முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

கல்லூரிக் கடைசி ஆண்டில் எங்கள் வகுப்பு ராமேஸ்வரம் பக்கம், பாம்பன் அருகே உள்ள குருசடைத் தீவுக்குப் போனபோது ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பு. தீவிலேயே கேக் வெட்டி, ஸ்பீக்கர் போட்டு ஆடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். ஸ்பீக்கரைக் கரையிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்கள். தீவில் என் நண்பன் ஒருவன் தண்ணீரிலிருந்து கிளை கிளையாக ஒரு பவளத்தை எடுத்து போட்டோவுக்காகத் தூக்கிப் பிடித்தான். படகோட்டி அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, கீழ வைங்க. அது இம்புட்டு வளர எங்கப்பா காலத்துல இருந்து ஆயிருக்கும்" என்றார். அதற்குள் ஒரு கிளை ஒடிந்திருந்தது. அந்த ஒடிந்த துண்டு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு ஜூனியர்களுக்காக ஏற்பாடு செய்யும் ஒவ்வொரு முறையும் நாளை இரண்டாகப் பிரித்துவிடுகிறேன். காலையில் தீவு, மதியத்துக்கு மேல் கரையில் கொண்டாட்டம். கீழே உள்ள எல்லாமே இந்தப் பிரிப்பை வைத்துத்தான்.

1. காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை எங்கள் பக்கத்தில் ஆண் கடல் என்பார்கள். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண் கடல். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் வைகாசி, ஆனி, ஆடியில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்து வடக்குக் கடல் கெடும். முதல் முறை போகிறவர்களுக்கு மாசி, பங்குனி நல்லது. கடல் அடங்கியிருக்கும், தண்ணீரும் தெளிவாக இருக்கும்.

நாள் குறித்தாலும் முந்தின நாள் மாலை வானிலை அறிக்கையைப் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாகவே இருந்தாலும், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். பஸ்ஸுக்கு முன்பணம் கொடுத்தாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். கேட்க வேண்டாம்.

2. அனுமதியும் படகும்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதனால் தெரிந்த மீனவரிடம் காசு கொடுத்து ஏதோ ஒரு தீவில் இறங்கிவிட முடியாது. அப்படி இறங்கினால் வழக்கு உங்கள் மேலும் வரும், அந்த மீனவர் மேலும் வரும். குருசடைக்கு வனத்துறையே சூழல் சுற்றுலாப் படகு விடுகிறது. பாம்பனுக்குத் தெற்கே உள்ள குந்துகாலில் ஏற வேண்டும். கூட்டமாகப் போவதென்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே பேசி, எத்தனை பேர், எந்த நாள் என்று சொல்லிவிடுங்கள். கட்டணம் மாறும், அன்றைய நிலவரத்தைக் கேட்டு அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து வசூலியுங்கள்.

3. பட்டியல்

ஒரு நோட்டில் பெயர், ரத்த வகை, வீட்டு எண், நீச்சல் தெரியுமா, ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா என்று எழுதி வாங்குங்கள். நீச்சல் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உண்டு, தனியாகக் கேளுங்கள். பிறகு ஆளுக்கொரு எண் கொடுங்கள். படகில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றிலிருந்து வரிசையாக அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். தலையை எண்ணினால் தப்பும், இப்படிச் சொன்னால் தப்பாது.

மதுபானம் பற்றி இந்த இடத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். குடித்தவர் படகில் ஏறக் கூடாது, கடலிலும் இறங்கக் கூடாது. இதில் நட்பு பார்க்காதீர்கள்.

4. பையில் என்ன

முழுக்கை பருத்திச் சட்டை, தொப்பி, காலில் பின்பட்டை உள்ள செருப்பு, ஒரு மாற்றுத் துணி. வெயிலுக்குக் கிரீம் பூசிக்கொண்டு பவளம் இருக்கும் தண்ணீரில் இறங்குவதைவிட முழுக்கைச் சட்டை மேல். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், படகில் ஏறி இறங்கும்போது மாட்டிக்கொள்ளும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், எவர்சில்வர் பாட்டிலில். பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கேரிபேக் எதுவும் வேண்டாம். தமிழ்நாடு முழுவதும் 2019 ஜனவரி 1 முதல் இவற்றுக்குத் தடை இருக்கிறது, தீவில் இன்னும் கண்டிப்பு.

குமட்டல் வரும் என்று தெரிந்தவர்கள் டாக்டர் சொன்ன மாத்திரையைப் படகேறும் முன்பே, அரை மணி நேரம் இருக்கும்போதே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் ஆகாது, பூரி மசாலாவும் ஆகாது.

5. குந்துகாலில்

சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்ச் சேருங்கள். படகில் கழிப்பறை கிடையாது, கரையிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். காத்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் உள்ள விவேகானந்தர் நினைவு மண்டபத்தைப் பார்க்கலாம். சிகாகோவில் பேசிய பிறகு தாயகம் திரும்பிய அவர் கொழும்பு வழியாக வந்து 1897 ஜனவரி 26-ல் இந்தக் கரையில்தான் காலடி வைத்தார். வரவேற்றவர் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி.

லைஃப் ஜாக்கெட் போடுவதை நீங்களே ஒவ்வொருவராகச் சரிபாருங்கள். எல்லா கொக்கிகளையும் மாட்டிய பிறகு, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்குங்கள். ஜாக்கெட் தாடை வரை ஏறினால் அது பெரிது, வேறு வாங்குங்கள். தண்ணீரில் விழுந்தால் பெரிய ஜாக்கெட் மேலே கழன்று வந்துவிடும், ஆள் கீழே போய்விடுவார்.

6. படகில்

அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், அலை தூக்கிப் போடும். குமட்டல்காரர்களை நடுவில் உட்கார வைத்துத் தூரத்துக் கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். போனைப் பார்த்தால் குமட்டல் கூடும். படகு ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது. பாம்பன் பாலம் தெரிகிறது, பெரிய மீன் துள்ளுகிறது என்று எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதுதான் பெரிய ஆபத்து. படகோட்டி அண்ணன் சொல்வதே கடைசி வார்த்தை. திரும்பலாம் என்றால் திரும்ப வேண்டும்.

7. தீவில்

விலங்கியல் படித்தவர்களுக்கு இந்தத் தீவின் பெயர் பாடத்திலேயே அறிமுகமாகியிருக்கும். முதுகெலும்பு இல்லாதவற்றுக்கும் உள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாகச் சொல்லப்படும் பலனோகிளாசஸ் என்ற புழு வாழும் இடம் இது. கரையோரம் அலையாத்தி மரங்கள், ஆழமில்லாத தண்ணீரில் கடற்புல், அதைத் தாண்டிப் பவளப் பார்கள், அதாவது பவளப் பாறைத் திட்டுகள். கடற்புல்லை ஆவுளியா, அதாவது கடல் பசு, மேயும். அது கண்ணில் படுவது அரிது, எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

இங்கே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆழமில்லாத இடத்தில் நின்று கீழே மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் வெறும் மணலும் கல்லும்தான் தெரியும். பிறகு கல் என்று நினைத்தது நகரும், பொந்திலிருந்து நண்டு எட்டிப் பார்க்கும், விரல் நீள மீன்கள் காலருகே வரும். எங்கள் வகுப்பு அன்று கூச்சல் போட்டுக்கொண்டே நடந்ததில் இதில் எதையும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூனியர்களோடு நின்றபோதுதான் நான் பார்த்தேன்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள், தொடாதீர்கள். அது கல்லாகத் தெரிந்தாலும் ஆயிரக்கணக்கான சின்ன உயிர்கள் சேர்ந்து கட்டியது. செத்ததோ, ஒடிந்ததோ, ஒரு துண்டும் பையில் வரக் கூடாது. பவளமும் கடல் அட்டையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இணையான முதல் அட்டவணையில் இருக்கின்றன.

மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள், புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். சொறி மீன், அதாவது ஜெல்லி மீன், பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் எரிச்சல் கூடும். மூச்சு முட்டினாலோ முகம் வீங்கினாலோ உடனே கரைக்குத் திரும்பி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

8. கொண்டாட்டம்

கரை திரும்பியதும் எண் சொல்லி முடித்து, பாலத்தைக் கடந்து மண்டபம் தாண்டி அரியமான் கடற்கரைக்கு வாருங்கள். இது பெண் கடல் பக்கம். சவுக்கு நிழல், அலை குறைந்த தண்ணீர், ஓட நல்ல மணல். சாப்பாட்டை முந்தின நாளே சொல்லி வையுங்கள். முண்டு மிளகாய் வத்தல் அரைத்த மீன் குழம்பும் சோறும் வாழை இலையில் போட்டால் கழுவும் வேலையும் இல்லை. சைவக்காரர்களுக்குப் புளியோதரை கெடாது. தயிர் சாதம் வெயிலில் புளித்துவிடும், வேண்டாம்.

கேக்குக்குப் பதிலாகக் கீழக்கரை தொதல் வாங்குங்கள். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டியது, வெயிலில் உருகி வழியாது. பிறந்தநாள்காரருக்கு அதில் ஒரு பெரிய துண்டு வெட்டிக் கொடுத்தோம், கேக் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு கபடி, அந்தாக்ஷரி, ஆட்டம், எதுவானாலும் சரி. பக்கத்தில் குடும்பங்கள் இருந்தால் பாட்டுச் சத்தத்தைக் குறையுங்கள். சாப்பிட்ட கையோடு கடலில் இறங்க விடாதீர்கள், இறங்கும்போதும் இரண்டு இரண்டு பேராக இறங்கட்டும்.

9. திரும்பும்போது

பொழுது சாயும் முன் கிளம்புங்கள். ஆளுக்கொரு கோணியோடு நான்கு பேர் கடைசியாக ஒரு சுற்று வந்து உங்கள் குப்பையையும், பக்கத்தில் கிடக்கும் பிறர் குப்பையையும் எடுத்துக்கொள்ளட்டும். பஸ்ஸில் மறுபடி எண். கணக்கை அன்றிரவே குரூப்பில் போட்டு மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

கடைசி ஆள் வீடு சேர்ந்த செய்தி வந்ததும் படகோட்டி அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, எல்லாரும் வந்து சேர்ந்துட்டோம்" என்று சொல்லுங்கள். போன முறை நான் கூப்பிட்டபோது மணி பத்தரை. அதுவரை அவர் தூங்காமல் இருந்தார்.