திருப்புளியை எடுப்பதற்கு முன்னால்: கணினிப் பழுது பார்க்கக் கற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில் பழகிய முதல் வருடத்தில் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக்குப் போனேன். சிங்கப்பூரில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசும்போது படம் நின்று நின்று வருகிறது என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். லேப்டாப்பை வாங்கி வைஃபை டிரைவரை நீக்கினேன், திரும்பப் போட்டேன், வைரஸ் தேடினேன். இரண்டு மணி நேரம் போனது. கடைசியில், விண்டோஸையே புதிதாகப் போட்டுவிடலாம் என்றேன். ஆச்சி காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "முகப்பில் உட்கார்ந்து பேசினால் நன்றாகத்தானே வருகிறது தம்பி, இரண்டாங்கட்டுக்கு வந்தால்தான் இப்படி" என்றார்.

ரவுட்டர் வாசல் பக்கத்து முகப்பில் இருந்தது, இரண்டாங்கட்டோ வீட்டின் உள்பகுதி. வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. நடுவில் எத்தனை சுண்ணாம்புச் சுவர்கள் என்று நான் எண்ணவே இல்லை. வைஃபையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கனத்த சுவரில் சீக்கிரம் களைத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானாலும் இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். செட்டிநாட்டு வீட்டின் சுவர்களுக்கு முன்னால் இரண்டுமே தோற்கும். கேபிள் இழுத்து உள்கட்டில் இன்னொரு கருவியை வைப்பதுதான் வழி. அதற்குத் திருப்புளியும் தேவையில்லை, விண்டோஸ் பென் டிரைவும் தேவையில்லை.

இப்போது காரைக்குடியில் என்னிடம் வேலை பழக வருகிற பிள்ளைகளிடமும் அதே குறையைத்தான் பார்க்கிறேன். மதர்போர்டின் பாகங்களை ஒப்பிப்பார்கள், கணினியை எழுப்பும் அடிப்படை நிரலான பயாஸ் என்றால் என்ன என்று சொல்வார்கள். ஆனால் வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் கை கேபினெட்டைத் திறந்திருக்கும்.

வாடிக்கையாளர் சொல்லும் சொல்லும் நாம் படித்த சொல்லும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சி.பி.யூ. என்று நாம் படித்தது உள்ளே இருக்கும் ப்ராசஸரை மட்டும்; நம் ஊரில் மேசைக்கடியில் இருக்கும் பெட்டி முழுவதுக்கும் 'சி.பி.யூ.' என்றுதான் பெயர். அவர்களைத் திருத்தப் போகாதீர்கள், மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். 'மெமரி' இன்னும் மோசம். புதுவயலில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்திலிருந்து "மெமரி பற்றவில்லை" என்று போன் வந்தது. என்னிடம் பழகிய தம்பி 8 ஜிபி ராம் வாங்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தான். மறுநாள் அதே போன். அங்கே நிறைந்திருந்தது சி டிரைவ். ராம் என்பது வேலை செய்யும் மேசை, டிரைவ் என்பது சாமான்களை வைக்கும் அறை. அறை நிரம்பி வழியும்போது மேசையைப் பெரிதாக்கி என்ன பயன்? திரையில் வந்த எச்சரிக்கையை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும்.

இந்த இடத்தில் இன்னொன்று. 1 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டுவிட்டு, 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போகாதீர்கள். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரங்களில் எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024களில் எண்ணுகிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவை மூன்று கேள்விகள்தாம். எப்போதிலிருந்து இப்படி? அதற்குச் சற்று முன்னால் எது மாறியது? எல்லா நேரமும், எல்லா இடத்திலும் இப்படியா? கானாடுகாத்தான் ஆச்சி மூன்றாவது கேள்விக்கான பதிலை நான் கேட்காமலேயே சொன்னார். எல்லோரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"அணைத்துப் போட்டீர்களா?" என்று கேட்டால் "போட்டேன்" என்பார்கள். பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட்டவுன் என்பது முழு ஓய்வு இல்லை. வேகமாக எழுவதற்காக விண்டோஸின் மையப் பகுதியான உள்மையத்தின் (கெர்னல்) நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் படுக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யூ. பக்கத்தில் 'அப் டைம்' என்று ஒரு கணக்கு ஓடும். தினமும் அணைக்கப்படுகிற கணினியில் அது இருபது நாள் என்று காட்டுவதை நீங்களே பார்க்கலாம். பாதிப் புகார்கள் இந்த ஒரு ரீஸ்டார்ட்டில் தீர்வதாக எனக்குத் தோன்றுவதுண்டு.

பெட்டியைத் திறந்த பிறகு

ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போடுவது நம் ஊர்க் கைவைத்தியம். திரை வராத கணினிக்குப் பல நேரம் பலிக்கவும் செய்யும். தவறு வைத்தியத்தில் இல்லை, மின்சாரம் இருக்கும்போதே அதைச் செய்வதில் இருக்கிறது. பவர் கார்டைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டின் பூச்சில்லாத இரும்பைத் தொட்டு உங்கள் உடம்பில் சேர்ந்திருக்கும் மின்னூட்டத்தை இறக்கிவிட்டு அப்புறம் ராமைத் தொடுங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றுவதுதான் முதல் வேலை. கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். புதிது வாங்கி மாற்றிவிடுங்கள், வீரம் காட்ட வேறு இடம் பாருங்கள்.

ராம் வாங்கும்போது 'டி.டி.ஆர்.' என்ற சொல்லோடு நிற்காமல் பின்னால் உள்ள எண்ணையும் படியுங்கள். மேசைக் கணினிக்கு டி.டி.ஆர்.3 என்றால் 240 முனைகள், டி.டி.ஆர்.4க்கும் 5க்கும் 288. முனை எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் 4க்கும் 5க்கும் பள்ளம் வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. உட்காரவில்லை என்றால் அழுத்தக் கூடாது, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். மதர்போர்டில் நேராகச் செருகும் பட்டை வடிவ டிரைவான எம்.2 எஸ்.எஸ்.டி.யில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. சாட்டா வகையும் என்.வி.எம்.இ. வகையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். ஸ்லாட்டில் உட்கார்ந்தும்விடும், கணினிதான் அடையாளம் காணாது. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்க்காமல் கடையில் பணத்தை நீட்டாதீர்கள்.

அரிசி ஆலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அங்கே தவிட்டுத் தூசி, ப்ராசஸரின் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகளான ஹீட் சிங்கில் பஞ்சுபோல் அடைத்துக்கொள்ளும். சூடு தாங்காமல் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், இல்லையென்றால் கணினி தானே அணையும். அதை வைரஸ் என்று நினைத்து நாள் முழுதும் தேடியவர்களை எனக்குத் தெரியும். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சும்மா விட்டால் அளவுக்கு மீறிச் சுற்றிப் பேரிங் கெடும்.

பழைய வீடுகளில் 'கேபினெட்டைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது' என்பார்கள். புதுப் பையன்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றிவிட்டு, மாற்றியும் சுருசுருக்கிறதே என்று விழிப்பார்கள். எர்த் இல்லாத சாக்கெட்டாக இருக்கும், அல்லது மூன்று பின் பிளக்கில் தடித்த பின் உடைந்திருக்கும். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி வழியாகக் கசிகிற சிறு மின்சாரம் தரைக்கு இறங்க வழியில்லாமல் இரும்புப் பெட்டியில் நிற்கிறது. இது எலக்ட்ரீசியன் வேலை. எர்த் சரியாகும்வரை அந்த இணைப்பில் கணினியை ஓட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி இணைப்பில் லேசர் பிரிண்டரைச் செருகுவதும் எங்கும் நடக்கிறது. 600 வி.ஏ. என்று எழுதிய சிறிய யூ.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். லேசர் பிரிண்டர் சூடேறுகிற நொடியில் கேட்பது அதைவிட அதிகம். கரண்ட் போன நேரத்தில் யாராவது ஒரு பக்கம் அச்சடித்தால் கணினியும் சேர்ந்து அணையும். பழி யூ.பி.எஸ். பேட்டரி மேல் விழும்.

'ஃபார்மட் போட்டுவிடலாம்'

இந்தத் தொழிலில் மிக எளிதாக வாயில் வருகிற வாக்கியம் இதுதான். அதைச் சொல்வதற்கு முன் நூறுவரை எண்ணச் சொல்வேன். காரணம் தேடத் தெரியாதவருக்கு ஃபார்மட் ஒரு போர்வை. கோளாறு மறையும், ஆனால் என்ன கோளாறு என்று உங்களுக்கு எப்போதும் தெரியவராது. டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் திரும்பி வரும். டிஸ்க் 'டிக் டிக்' என்று சத்தம் போட்டால் முதலில் அணையுங்கள். சரிபார்க்கும் கருவிகளை அதன் மேல் ஓட்டி மிச்ச உயிரையும் எடுக்காதீர்கள்.

'எல்லாவற்றையும் காப்பி எடுத்துவிட்டேன்' என்று பையன்கள் சொல்வது டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும்தான். கடைகளில் கணக்கெழுதும் மென்பொருளான டேலி தன் கணக்கை வழக்கமாக சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் பப்ளிக் என்பதன் கீழே வைக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஒரு கடையின் வருடக் கணக்கு போய்விட்டால், அந்தத் தெருவில் நீங்கள் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. கணக்கு விஷயத்தில் இந்த ஊர் மன்னிக்காது. கடைக்காரரையே பக்கத்தில் உட்காரவைத்து, தினமும் எதையெல்லாம் திறக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எடுத்த நகலிலிருந்து இரண்டு கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது, எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும்.

தமிழில் வேலை செய்கிற இடங்களில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. எந்த ஆங்கிலப் பாடத்திட்டத்திலும் அது வராது. தேவகோட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றில் ஃபார்மட் போட்டுவிட்டு வந்தோம். கோப்புகள் எல்லாம் பத்திரம். ஆனால் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தமிழெழுத்து ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. எழுத்துரு இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது என்றாலும் அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் விசைப்பலகை மென்பொருளையும் முதலில் எடுத்து வையுங்கள். முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அந்த அச்சகத்தார் எங்களிடம் பேசிய தமிழ் எந்த எழுத்துருவிலும் அடங்காது.

புதிய லேப்டாப்களில் டிஸ்க்கைச் சங்கேதமாக்கிப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு, உரிமையாளருக்கே தெரியாமல் போடப்பட்டிருக்கலாம். பயாஸ் அமைப்பை மாற்றினாலோ மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணக்கின் கடவுச்சொல்லை அமெரிக்காவில் இருக்கும் பேரன்தான் அறிவான் என்றால் வேலையை நிறுத்திவிட்டுப் பேரனை எழுப்பச் சொல்லுங்கள்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. அதனால் 'பதினொன்று போட்டுக்கொடு' என்று வருகிறார்கள். டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் செக்யூர் பூட், ஏற்கப்பட்ட ப்ராசஸர் என்று விண்டோஸ் 11 நிபந்தனைகள் கேட்கிறது. குறுக்குவழியில் அவற்றை ஏமாற்றி ஏற்றிவிட முடியும். ஏற்றிய செய்தியை உரிமையாளரிடம் மறைப்பதுதான் தவறு. நாளைக்கு ஒரு புதுப்பிப்பு வராமல் நின்றால் அவர் உங்களைத்தான் தேடுவார். உரிமம் இல்லாத கிராக் விண்டோஸ் பற்றி நீட்டிச் சொல்லப் போவதில்லை. உரிமம் இருப்பதாக விண்டோஸை நம்பவைக்கும் ஆக்டிவேட்டர் ஓட வேண்டும் என்று ஆன்டிவைரஸை நீங்களே அணைக்கிறீர்கள் அல்லவா, யாருக்குக் கதவைத் திறக்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

சின்னச் சின்னத் தடயங்கள்

எந்த இணையதளமும் திறக்கவில்லை, எல்லாம் 'பாதுகாப்பற்றது' என்கிறது என்றால் முதலில் திரையின் மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பொத்தான் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். பின்னால் போன கணினிக்கு இன்றைய தளங்களின் சான்றிதழ்கள் எதிர்காலத்தவை. ஒரு பேட்டரியில் முடிகிற வேலை.

வலையமைப்பில் கணினிக்குரிய எண்ணான ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். பிரவுசரை நோண்டுவதை விட்டுவிட்டுக் கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

ஒரே நேரத்தில் மூன்றை மாற்றாதீர்கள். ராம், கேபிள், டிரைவர் எல்லாவற்றையும் மாற்றிக் கணினி எழுந்துவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது, மூன்றுக்கும் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியிருக்கும்.

படிப்பைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: கணினிப் பழுது பார்ப்பவர்களுக்கான சான்றிதழ்த் தேர்வான காம்ப்டியா ஏ பிளஸ் இரண்டு தாள்கள் கொண்டது, ஒவ்வொன்றும் 90 நிமிடம். வேலை தேட உதவும். ஆனால் வினாவிடைத் தொகுப்பை மனப்பாடம் செய்து தேறியவரை, திரை வராத ஒரு கணினிமுன் ஐந்து நிமிடம் நிறுத்தினால் தெரிந்துவிடும். பழைய கணினி ஒன்றைப் பழைய சாமான் கடையில் வாங்கி, பத்து முறை கழற்றிப் பூட்டுங்கள். லினக்ஸையும் ஒரு முறை நிறுவிப் பாருங்கள்.

அந்தத் தேர்வே சொல்லிக்கொடுக்கிற பழுதறியும் முறையில் கடைசிப் படி, செய்ததை எழுதி வைப்பது. பிள்ளைகள் தவறாமல் விட்டுவிடுவதும் அதைத்தான். இந்தச் செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்தில், ஊரிலிருந்து போகிற இளைஞன் பெட்டியடிப் பையன் என்ற எடுபிடியாகச் சேர்ந்து, உதவியாளான அடுத்தாளாகி, பிறகு கடையை நடத்தும் மேலாளாவான். பேரேடு இல்லாமல் அந்தத் தொழில் இல்லை. நம் கடையிலும் ஒரு நோட்டு உண்டு. 'ராம் மாற்றியது' என்று எழுதினால் நான் ஏற்பதில்லை. எந்த ஸ்லாட், என்ன அளவு, கழற்றியது யாரிடம் இருக்கிறது, மாற்றிய பிறகு எத்தனை நிமிடம் ஓட்டிப் பார்த்தாய் என்று வர வேண்டும்.

கானாடுகாத்தான் வீட்டுக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கிறது. 'முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குக் கேபிள் 40 மீட்டர். உள்ளே இன்னொரு ரவுட்டர். வளவில் உட்கார்ந்தும் பேசிப் பார்த்தது, படம் நிற்கவில்லை. இடி மின்னல் வந்தால் இரண்டையும் கழற்றிவிட ஆச்சியிடம் சொல்லியிருக்கிறது.'