அமெரிக்காவில் பொடி, ஊறுகாய் விற்கத் தொடங்குகிறவர்களுக்கு: ஊட்டச்சத்துப் பட்டியல் எதற்குத் தேவை, எதற்கு விலக்கு?

அமெரிக்காவில் இட்லிப் பொடியோ ஊறுகாயோ தயாரித்து, பொட்டலமிட்டு விற்க நினைக்கும் நம்மவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கறுப்புக் கட்டத்துக்குள் கலோரி, கொழுப்பு, சோடியம் என்று வரிசையாக அச்சிட்டிருக்கிறார்களே, அந்தப் பட்டியலை நானும் போட வேண்டுமா?" என்பதுதான். 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் (எஃப்.டி.ஏ.) கட்டுப்பாட்டில் வரும் பொட்டல உணவுகளுக்குப் பட்டியல் வேண்டும் என்பதே பொது விதி. விலக்குகள் அதற்குப் பிறகு வருபவை. ஆகவே பட்டியல் தேவை என்று வைத்துக்கொண்டு, நமக்கு விலக்கு உண்டா என்று படிப்படியாகப் பார்த்து வருவதுதான் சரியான முறை. இறைச்சியும் கோழியும் வேளாண் துறையின் கீழ் வருவதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

முதற்படி: உங்கள் லேபிளை நீங்களே படியுங்கள். பலர் விற்பனைக் கணக்கிலிருந்து தொடங்குகிறார்கள். நான் இங்கிருந்து தொடங்கச் சொல்வேன். ஏனென்றால் "புரதம் நிறைந்தது", "கொழுப்பு குறைவு", "சர்க்கரை சேர்க்காதது" என்பன போன்ற ஊட்டச்சத்து சார்ந்த வாசகம் ஒன்று லேபிளிலோ விளம்பரத்திலோ இடம்பெற்றுவிட்டால், கீழே சொல்லப்போகும் சிறு வணிக விலக்கும் சிறு பொட்டல விலக்கும் கைநழுவிப் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒருவர், மாதம் நாற்பது பொட்டலம்கூட விற்காத நிலையில், பருப்புப் பொடியின் முகப்பில் அழகுக்காக "புரதம் நிறைந்தது" என்று ஒரு வட்டத்தை அச்சிட்டுவிட்டு, பிறகு அத்தனை லேபிள்களையும் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. "பாட்டி கைப்பக்குவம்" என்று எழுதியிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

இரண்டாம் படி: பொருளின் தன்மையைப் பாருங்கள். காப்பிக்கொட்டை, காப்பித்தூள், தேயிலை, சர்க்கரை சேர்க்காத இன்ஸ்டன்ட் காப்பி, உணவு நிறமிகள், எசென்ஸ் போன்றவற்றில் எந்தச் சத்தும் குறிப்பிடத்தக்க அளவில் இல்லாததால் அவற்றுக்குப் பட்டியல் வேண்டியதில்லை. ஒரு வேளைக்குக் கால் தேக்கரண்டி அளவே பயன்படும் மசாலாத் தூள்கள் சிலவும் இந்த வகையில் அடங்கும். இதைக் கேட்டவுடன் "இட்லிப் பொடியும் மசாலாதானே" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாவுச்சத்து, நார்ச்சத்து, புரதம் ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் 1 கிராமுக்குக் குறைவாகவும், மற்றச் சத்துகள் எல்லாம் பூஜ்யம் என்று எழுதக்கூடிய அளவிலும் இருந்தால்தான் இந்த விலக்கு பொருந்தும். உளுந்தும் கடலைப்பருப்பும் வறுத்து அரைத்த பொடியில் 10 கிராம் எடுத்தாலே புரதம் 1 கிராமைத் தாண்டிவிடும். பச்சைக் காய்கறி, பழம், மீன் ஆகியவற்றுக்குப் பட்டியல் கட்டாயம் இல்லை, விரும்பினால் தரலாம்.

மூன்றாம் படி: எங்கே தயாராகி எங்கே விற்கிறது என்று பாருங்கள். உணவகத்தில் உடனே உண்ணப் பரிமாறுவதற்கும், கடையிலேயே பெரும்பாலும் தயாரித்து அங்கேயே விற்கும் பேக்கரிப் பண்டங்களுக்கும் விலக்கு உண்டு.

நான்காம் படியில்தான் விற்பனைக் கணக்கு வருகிறது. சிறு வணிகர் பலருக்கும் கைகொடுப்பது இதுவே. இதில் இரண்டு வழிகள் உள்ளன. வாடிக்கையாளருக்கு நேரடியாக விற்பவராக இருந்து, ஆண்டு மொத்த விற்பனை 5,00,000 டாலருக்கு மிகாமலோ, அதில் உணவு விற்பனை மட்டும் 50,000 டாலருக்கு மிகாமலோ இருந்தால் விலக்கு கிடைக்கும். மளிகைக் கடைகளுக்குக் கொடுத்து விற்பவர்கள் இரண்டாம் வழியைப் பார்க்க வேண்டும்: முழுநேரப் பணியாளர் கணக்கில் 100 பேருக்குக் குறைவாகவும், அந்தப் பொருள் 12 மாதங்களில் 1,00,000 பொட்டலங்களுக்குக் குறைவாகவும் இருந்தால், ஆண்டுதோறும் எஃப்.டி.ஏ.வுக்கு அறிவிப்பு அனுப்பி விலக்குப் பெறலாம். பணியாளர் 10 பேருக்குக் குறைவு, பொட்டலங்கள் 10,000-க்குக் குறைவு என்றால் அந்த அறிவிப்பும் தேவையில்லை. பகுதிநேர ஆட்கள் இருந்தால், ஆண்டு முழுவதும் ஊதியம் கொடுத்த மொத்த மணி நேரத்தை 2,080-ஆல் வகுத்தால் முழுநேரக் கணக்கு வந்துவிடும்.

ஐந்தாம் படி: பொட்டலத்தை அளந்து பாருங்கள். லேபிள் ஒட்டக்கூடிய மொத்தப் பரப்பு 12 சதுர அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால், பட்டியலுக்குப் பதிலாக, விவரம் கேட்டுப் பெற ஒரு முகவரியையோ தொலைபேசி எண்ணையோ தந்தால் போதும். இங்கே ஒரு பக்கத்தை மட்டும் அளந்துவிட்டு நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. 3 அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் உள்ள தட்டைப் பையில் முன்புறம் 12, பின்புறம் 12, ஆக மொத்தம் 24 சதுர அங்குலம் இருப்பதால், கைக்கு அடக்கமான அந்தப் பைக்கும் இந்த விலக்கு கிடையாது.

ஆறாம் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விலக்கு கிடைப்பது ஊட்டச்சத்துப் பட்டியலுக்கு மட்டுமே. பொருளின் பெயர், நிகர எடை, சேர்மானங்கள், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், ஒவ்வாமைப் பொருள்கள் ஆகியவற்றை எழுதியே ஆக வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டுவிட்டதால், எள் வறுத்துப் போட்ட பொடியில் அதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பெருங்காயம் இதைவிட நுணுக்கமானது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத் தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். ஆகவே டப்பாவைத் திருப்பிச் சேர்மானங்களைப் படித்து, கோதுமை இருந்தால் உங்கள் லேபிளிலும் அதைச் சொல்ல வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனி விதிகள் வைத்திருக்கிறது, அவற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்ற பொட்டலங்களைப் பொருள்வாரியாக மாதாமாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். ஒரே பொடியை 100 கிராம், 200 கிராம் என்று இரண்டு அளவுகளில் விற்றாலும் அது ஒரே பொருள்தான்; இரண்டையும் கூட்டித்தான் எண்ண வேண்டும். இரண்டாம் வழியில் விலக்குப் பெற்றவர் எல்லையைத் தாண்டிவிட்டால், பட்டியலுடன் புதிய லேபிள் அச்சிட 18 மாத அவகாசம் உண்டு.