மேனேஜர் மாறும் வரை: வேலூர்ப் பக்கத்து ஃபுட்பால் ரசிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐந்து மேட்சில் நாலு தோல்வி, டீம் டேபிளில் கீழே கீழே போய்க்கொண்டிருக்கிறது, மேனேஜர் (டீமை நடத்தும் தலைமைக் கோச்) போன வாரம் பேட்டியில் சொன்னதையே இந்த வாரமும் சொல்கிறார், கிளப் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் போகப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, எப்போது என்பது மட்டும்தான் தெரியவில்லை. ஒரு ரசிகருக்கு இதைவிடக் கஷ்டமான காலம் கிடையாது. தோற்றால்கூட ஒரு ராத்திரி புலம்பித் தீர்த்துவிடலாம், இந்த இழுபறி வாரக்கணக்கில் ஆளை அரித்துவிடும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நம்ம பக்கம் இங்கிலாந்து கிளப்புகளுக்கு உயிரைக் கொடுக்கிற ரசிகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒருதடவைகூட அந்த ஸ்டேடியத்தில் கால் வைத்திருக்க மாட்டோம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி தோற்றால் திங்கட்கிழமை சாப்பாடு இறங்காது. அந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுத்தவர் யார் என்று ஊகித்துக்கொண்டே இந்த நாட்களைக் கழிக்காமல், டீமில் எது பழுதாகியிருக்கிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால், புது ஆள் வந்ததும் அவர் எதைச் சரிசெய்கிறார், எதைத் தொடவே இல்லை என்பது உங்கள் கண்ணுக்கே தெரியும்.

முதலில் தூக்கத்தைக் காப்பாற்றுங்கள்

தோற்ற ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைத் தடவிக்கொண்டு படுத்திருப்பதில் பிரயோஜனம் இல்லை. பழைய கணக்கைப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட் 2014 ஏப்ரல் 20 ஞாயிறு எவர்ட்டனிடம் தோற்றது, செவ்வாய்க்கிழமை டேவிட் மோய்ஸ் போனார். 2018 டிசம்பர் 16 ஞாயிறு லிவர்பூலிடம் 3-1, செவ்வாய்க்கிழமை மொரீன்யோ. 2021 நவம்பர் 20 சனிக்கிழமை வாட்ஃபோர்டிடம் 4-1, மறுநாள் சோல்ஷயர். 2024 அக்டோபர் 27 ஞாயிறு வெஸ்ட் ஹாமிடம் 2-1, மறுநாள் டென் ஹாக். செல்சியில் டுஹல் 2022 செப்டம்பர் 6 ராத்திரி ஸாக்ரெபில் தோற்றார், விடிந்ததும் தூக்கிவிட்டார்கள். ஆக, தூக்குவதென்றால் பல நேரம் தோல்விக்குப் பிறகு ரெண்டு நாளுக்குள் தூக்கிவிடுவார்கள். அந்த ரெண்டு நாளும் தாண்டிவிட்டால் அடுத்த மேட்ச் வரை பெரும்பாலும் அவர்தான்.

இந்த மாதிரி அறிவிப்பு பெரும்பாலும் அங்கே காலையில் வரும். இங்கிலாந்தில் காலை ஒன்பது என்றால் குளிர்காலத்தில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, அவர்கள் கோடையில் ஒன்றரை. ராத்திரி நிம்மதியாகத் தூங்கி, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒருதடவை பார்த்தால் போதும். இன்னொன்று, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். நவம்பரில் ராத்திரி எட்டரைக்கு வருகிற சனிக்கிழமை மேட்ச், செப்டம்பரில் ஏழரைக்கே ஆரம்பித்துவிடும். ராத்திரி ஒன்றரை மணிக்கு மேட்ச் ஆரம்பிக்கிற நாளில் வீட்டில் மற்றவர்கள் தூங்குவார்கள், காதில் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், கோல் விட்டாலும் கத்தாதீர்கள். காலையில் வேலைக்குப் போகிற அப்பாவுக்கு உங்கள் கிளப் என்ன பாவம் செய்தது?

தேசிய அணிகளின் மேட்சுக்காக லீக் ரெண்டு வாரம் நிற்கிற இடைவெளிகளையும் குறித்துவையுங்கள். செப்டம்பர் - அக்டோபரிலும் நவம்பரிலும் மார்ச்சிலும் வரும். மேனேஜரை மாற்ற நினைக்கும் ஓனருக்கு அது வசதியான நேரம், ஏனென்றால் புது ஆளுக்குப் பயிற்சி கொடுக்கக் கொஞ்சம் நாள் கிடைக்கும்.

வதந்தியைச் சலித்து எடுப்பது

நெருப்பில்லாமல் புகையாது என்பது இந்த விஷயத்தில் செல்லாது. ஒரு மேனேஜரின் பெயர் திடீரென்று நாலு இடத்தில் அடிபட்டால், அவருடைய ஏஜென்ட் இப்போதைய கிளப்பில் சம்பளத்தை ஏற்றப் பேசிக்கொண்டிருக்கிறாரா என்று முதலில் யோசியுங்கள். "ஆர்வமாக இருக்கிறார்கள்" என்று வரும் செய்திக்கு மதிப்பே இல்லை. "கிளப்புடன் பேசிவிட்டார்கள்" என்றால் கொஞ்சம் காது கொடுக்கலாம். "ஒப்பந்தத்தை முறிக்கும் பணத்தைக் கட்டச் சம்மதித்துவிட்டார்கள்" என்று டேவிட் ஆர்ன்ஸ்டீன், ஃபப்ரிஸியோ ரொமானோ மாதிரி ஃபுட்பால் நிருபர்கள் சொன்னால் நம்பலாம்.

அப்புறம் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: வரப்போகிறவர் இப்போது வேலையில் இருக்கிறாரா, சும்மா இருக்கிறாரா? லிவர்பூல் 2015 அக்டோபர் 4 அன்று பிரெண்டன் ராட்ஜர்ஸைத் தூக்கியது, சும்மா இருந்த க்ளோப் நாலே நாளில் வந்துவிட்டார். யுனைடெட் ரூபன் அமோரிமை 2024 நவம்பர் 1 அன்றே அறிவித்தும், அவர் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் வேலையை முடித்துக்கொண்டு நவம்பர் 11-ல்தான் வந்தார், அதுவரை நாலு மேட்ச் வான் நிஸ்டல்ரூய் பார்த்துக்கொண்டார். செல்சி மாதிரி ஒரே நாளில் பிரைட்டனிலிருந்து கிரஹாம் பாட்டரைக் கொண்டுவருவதெல்லாம் அபூர்வம். பெயர் முடிவான பிறகும் இன்னொரு ரெண்டு வாரம் பொறுக்க வேண்டிவரலாம் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

அடுத்த மேனேஜர் யார் என்று பந்தயம் கட்டும் வெப்சைட்டுகளின் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவார்கள். நாலு பேர் பணம் போட்டாலே ஏறுகிற விலை அது, செய்தி இல்லை. நீங்கள் அதில் பணம் போடவே போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2023-லேயே ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்துவிட்டது, 2025-ல் ஒன்றிய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், கிளப் மேல் இருக்கிற பாசத்தில் கையில் இருக்கிற காசைத் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்க்க மனசு தாங்காது.

மேட்சை வேறு மாதிரி பாருங்கள்

இதுதான் முக்கியம். தோற்கிற டீமின் மேட்சைப் பார்க்கப் பிடிக்காது, தெரியும், ஆனால் தோற்கிற டீமிடம்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மேட்சுக்கு ஒரு விஷயம் மட்டும் பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் பார்க்க முடியாது.

முதல் மேட்சில் ஃபுல்பேக் ரெண்டு பேரை, அதாவது டிஃபென்ஸின் ரெண்டு ஓரத்திலும் ஆடுபவர்களை மட்டும் பாருங்கள். நம்ம டீம் பந்தைத் தொலைத்த அந்த நொடியில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? ரெண்டு பேருமே எதிரணி பெனால்டி பாக்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தால், பின்னால் நடுவில் நிற்கிற ரெண்டு சென்டர்பேக் மட்டும் மாட்டிக்கொள்வார்கள், எதிரணியில் ஓரமாக ஓடுகிற விங்கர் ஒரே ஓட்டத்தில் கோலுக்குப் போய்விடுவார். அடுத்து டி.வி.யில் காட்டும் ரீப்ளேயில் சென்டர்பேக் தடுமாறுவதைக் காட்டி அவரைத் திட்டுவார்கள். பத்து செகண்டுக்கு முன்னால் ஃபுல்பேக்கை மேலே அனுப்பிய திட்டம் ரீப்ளேயில் வராது. அந்தத் திட்டம் மேனேஜருடையது. இந்த மாதிரி ஒரு கோலை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் எந்த நிபுணர் பேச்சும் உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்த மேட்சில் மிட்ஃபீல்டுக்கும் டிஃபென்ஸுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி. அதற்கடுத்து அறுபதாவது நிமிஷத்துக்கு மேல் என்ன நடக்கிறது, யாரை இறக்குகிறார், இறங்கியவர் எதையாவது மாற்றுகிறாரா அல்லது களைத்தவர் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார், அவ்வளவுதானா. கார்னர், ஃப்ரீகிக்கில் விடுகிற கோல்களைத் தனியாக எழுதிவையுங்கள், அவற்றைச் சரிசெய்ய மேனேஜரை மாற்ற வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம்.

எக்ஸ்ஜி என்கிற கணக்கையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்பதை எண்ணாகச் சொல்வதுதான் அது, ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்குச் சற்று மேல் போடுவார்கள். பத்து மேட்ச் எக்ஸ்ஜியைக் கூட்டிப் பார்த்தால் நம்ம டீம் எதிரணிகளைவிட அதிகமாக வைத்திருந்தும் தோற்றுக்கொண்டிருக்கிறது என்றால், மேனேஜர் இருந்தாலும் போனாலும் நிலைமை கொஞ்சம் ஏறத்தான் செய்யும். நெதர்லாந்துப் பொருளாதார அறிஞர் பாஸ் டெர் வீல் 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை எடுத்துப் பார்த்து, மேனேஜரை மாற்றியதால் டீம் உயர்ந்துவிடவில்லை என்றே எழுதினார். புது ஆள் வந்ததும் ஜெயிக்கிறார்களே என்றால், ஏற்கெனவே அடிமட்டத்துக்குப் போய்விட்ட டீமுக்கு அதற்குமேல் கீழே போக இடமில்லை, பல நேரம் அதுதான் காரணம். எக்ஸ்ஜியும் மோசம், ஆட்டமும் மோசம் என்றால் தாராளமாக மாற்றம் கேளுங்கள்.

கூடவே மேலேயும் பாருங்கள். நீண்டகால மேனேஜர் ஃபெர்குசன் 2013-ல் ஓய்வுபெற்ற பிறகு யுனைடெட்டில் வந்த ஒவ்வொருவரும் தன் ஆட்டத்துக்கு ஏற்ற வீரர்களை வாங்கினார், அடுத்து வந்தவருக்கு அவர்கள் பொருந்தவில்லை. நாலு டிஃபெண்டர் ஆடும் முறைக்காக வாங்கிய டீமை அமோரிம் மூன்று சென்டர்பேக் முறையில் ஆடவைத்தார், 2024-25 சீசன் 42 பாயிண்டோடு பதினைந்தாவது இடத்தில் முடிந்தது. மூணு, நாலு மேனேஜர் தொடர்ந்து தோற்றால் குறை மேனேஜர் உட்காரும் பெஞ்சில் மட்டும் இல்லை, வீரர்களை வாங்குகிற ஆபீஸிலும் இருக்கிறது.

இடைக்கால மேனேஜர்

இவர்மேல் பாசம் வைக்கலாம், நிரந்தரமாக்கச் சொல்லி அவசரப்படக் கூடாது. சோல்ஷயர் இடைக்காலத்தில் 19 மேட்சில் 14 ஜெயித்தார், 2019 மார்ச் கடைசியில் நிரந்தரமாக்கினார்கள், அந்த சீசனின் கடைசி ஐந்து லீக் மேட்சில் ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. செல்சியில் டி மத்தேயோ இடைக்காலமாக வந்து 2012 மே மாதம் மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக்கையே தூக்கிவிட்டார், நவம்பரில் அவரையே தூக்கிவிட்டார்கள்.

சீசன் நடுவில் வந்து டீமையே திருப்பிப்போட்ட கதை நம்ம ஊர்ப் பக்கமே இருக்கிறது. 2019 நவம்பர் கடைசியில் ஜான் கிரகரி விலகியபோது சென்னையின் எஃப்சி என்கிற நம்ம கிளப் இந்தியன் சூப்பர் லீக்கில் அடியில் தவித்துக்கொண்டிருந்தது. ஓவன் காயல் வந்தார், அதே வீரர்களை வைத்துக்கொண்டு வேகமாக முன்னேறி ஆடவைத்தார், செமிஃபைனலில் கோவாவை ரெண்டு மேட்சும் சேர்த்து 6-5 என்று சாய்த்து ஃபைனல் வரை போனார்கள், 2020 மார்ச்சில் கொல்கத்தா கிளப் ஏடிகேவிடம் 3-1 தோற்றாலும் அந்தப் பயணம் மறக்க முடியாதது. சென்னையில் மேட்ச் நடக்கிறபோது ஒருதடவையாவது காட்பாடியில் ரயிலேறிப் போய்ப் பாருங்கள், சென்ட்ரலில் இறங்கினால் நேரு ஸ்டேடியம் பக்கம்தான், திரும்பி வருகிற ரயிலுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுத்துவிடுங்கள். உள்ளே பந்தைப் பார்க்காமல் ஒரு பத்து நிமிஷம் கோச்சை மட்டும் பாருங்கள். யாரைக் கூப்பிட்டுப் பேசுகிறார், கையால் எந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறார், அவர் சொன்னதும் வீரர்களின் வரிசை நகர்கிறதா இல்லையா. டி.வி. பந்தின் பின்னாலேயே போவதால் இதெல்லாம் தெரியாது.

போகிறவரை எப்படி நடத்துவது

ஆட்டத்தைத் திட்டுங்கள், ஆளைத் திட்டாதீர்கள். அவருடைய நிறம், நாடு, குடும்பம் என்று இழுப்பவர்களோடு சேராதீர்கள், நம்ம கிளப் ரசிகராக இருந்தாலும் சரி. 2016-ல் லெஸ்டருக்கு லீக்கையே வாங்கிக்கொடுத்த ரானியேரியை 2017 பிப்ரவரியில் அனுப்பிவிட்டார்கள், வேலை போகும்போது எந்த மேனேஜருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. சாயந்திரம் கோட்டை மைதானத்திலோ ஹாஸ்டலிலோ எதிர் கிளப் நண்பர் "இன்னாடா, உங்க ஆளு இன்னும் கெளம்பலையா?" என்று கேட்பான். கோபப்படாதீர்கள், நோட்டில் எழுதினதை எடுத்து ஃபுல்பேக் விஷயத்தைச் சொல்லுங்கள், அரைமணி நேரம் நல்ல பேச்சு ஓடும். அவனுடைய மேனேஜரே நமக்கு வேண்டும் என்று ஏங்குவதை மட்டும் விட்டுவிடுங்கள், இக்கரைக்கு அக்கரை பச்சை.

புது ஆள் வந்ததும்

முதல் பேட்டியில் எல்லோரும் அழகாகத்தான் பேசுவார்கள், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். ஒரு பத்து மேட்ச் கொடுங்கள். அக்டோபரில் வந்தவர், வீரர்களை வாங்கும் காலம் திறக்கிற ஜனவரி வரை ஆள் வாங்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு வந்து முதல் ரெண்டு சீசனும் எட்டாவது இடம்தான் முடித்தார், அடுத்து ஐந்து, அப்புறம் தொடர்ந்து மூன்று சீசன் ரெண்டாவது. யுனைடெட்டுக்கு 1986-ல் வந்த ஃபெர்குசன் அங்கே முதல் கோப்பையைத் தூக்க 1990 ஆனது. இதைச் சொல்லி எல்லோருக்கும் நாலு வருஷம் கொடுக்கச் சொல்லவில்லை. அந்த எட்டாவது இடத்திலும் ஆர்சனல் ஆடுகிற விதம் மாறிக்கொண்டே வந்தது, பொறுமைக்கு அந்த மாற்றம்தான் ஆதாரம். உங்கள் டீமிலும் அது தெரிகிறதா பாருங்கள்.

அவருடைய முதல் மேட்ச் அன்று ஆரம்பிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்பே டீம் லிஸ்ட் வந்துவிடும். நோட்டில் நீங்கள் பழுது என்று எழுதிய இடங்களில் யாரைப் போட்டிருக்கிறார், அதே ஆளைப் போட்டிருந்தால் வேறு எங்கே நிற்கவைக்கிறார் என்று பாருங்கள். முதல் பதினைந்து நிமிஷத்தில் பந்து தொலைகிறபோது ஃபுல்பேக் ரெண்டு பேரில் ஒருவராவது பின்னால் நிற்கிறாரா என்று குறித்துக்கொண்டு, அடுத்த மேட்சுக்கும் அதே பக்கத்தில் தொடருங்கள்.